மண்ணின் பெயரில் ஒரு போத்தல்: அவுஸ்திரேலிய ஷிராஸ் வைனும் அதன் நிலங்களும்

தென் அவுஸ்திரேலியாவில் ஷிராஸ் திராட்சையின் அறுவடை பெப்ரவரி நடுப்பகுதியில் சூடுபிடிக்கும். பழம் ஏற்றிய லொறி நிறுவைத் தளத்தில் ஏறி நிற்க, சாளரத்துக்கு உள்ளே இருப்பவர் ஒரு சீட்டு எழுதுவார். யாருடைய தோட்டம், எந்தத் துண்டு, என்ன இனம், எத்தனை கிலோ, பழத்தில் சீனி எவ்வளவு. நாடு விட்டு வந்த புதிதில், எமது வணிகமாணிப் பட்டத்தை இங்குள்ளவர்கள் மதிப்பிட்டு முடிக்கும் வரை நாம் செய்த வேலைகளில் அந்தச் சீட்டு எழுதுவதும் ஒன்று. ஒரு நாள் மாலை சீட்டுகளை விலைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. ஒரே நாள், ஒரே இனம், ஒரே வீதியின் இரு பக்கத்துத் தோட்டங்கள்; ஒன்றின் விலை மற்றதைப்போல இரு மடங்கு. தட்டச்சுத் தவறு என்று நினைத்து மேற்பார்வையாளரிடம் கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு, "பிழை இல்லை, மண் வேறு" என்றார்.

அந்தப் பதிலை நம்புவதற்கு எமக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. கணக்குப் படித்தவனுக்கு ஆதாரம் வேண்டும். அதன் பின்னர் சிறு திராட்சைத் தோட்டக்காரர்கள் சிலரின் கணக்குகளைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. அந்த அனுபவத்தோடு வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்து, ஒரு வைன் தன் மண்ணைக் காட்டுகிறது என்று சொல்வதன் பொருள் என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள், அதில் யாருக்கு என்ன இலாப நட்டம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடியால் நொந்த குடும்பங்கள் எமது சமூகத்தில் குறைவல்ல. யாரையும் குடிக்கத் தூண்ட இதை எழுதவில்லை. ஆனால் அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறங்களில் வாழும் எம்மவருக்கு இது அயலில் நடக்கும் தொழில். கொடி கத்தரிக்கவும் பழம் பறிக்கவும் பொதி செய்யவும் போனவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. கமக்காரப் பரம்பரையில் வந்தவர்களுக்கு மண்ணைப் பற்றிய கதை அந்நியமாகவும் இராது.

பெயரும் வந்த வழியும்

ஷிராஸ் என்ற பெயரைக் கேட்டதும் பாரசீக நகரம் நினைவுக்கு வரும். அங்கிருந்து சிலுவைப் போர் வீரன் ஒருவன் கொடியைக் கொண்டுவந்தான் என்ற கதையும் நெடுங்காலம் உலவியது. 1990களின் இறுதியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினரும் பிரான்சின் மொன்பெலியே ஆய்வாளர்களும் செய்த மரபணுச் சோதனை அந்தக் கதையை முடித்துவைத்தது. ஷிராஸின் பெற்றோர் டுரேசா, மொன்டூஸ் பிளான்ஷ் என்ற இரு பிரெஞ்சு இனங்கள். தென்கிழக்குப் பிரான்சே அதன் பிறப்பிடம். பிரான்சில் அதற்குப் பெயர் சிரா.

அவுஸ்திரேலியாவுக்கு அது பரவலாக வந்தது ஜேம்ஸ் பஸ்பி என்பவரின் திரட்டு மூலம். அவர் 1831 இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றிச் சேகரித்த கொடித் துண்டுகள் 1832 இல் சிட்னிக்கு வந்தன. ரோன் நதிக்கரையின் எர்மித்தாஜ் குன்றிலிருந்து எடுத்தவையும் அவற்றுள் இருந்தன. பின்னாளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பிலொக்சேரா என்ற வேர்ப்பேன் அழித்தது. 1877 இல் அது விக்ரோரியாவின் ஜீலோங் பகுதியிலும் காணப்பட்டது. தென் அவுஸ்திரேலியாவோ கடுமையான தடைகளால் இன்றுவரை தப்பி நிற்கிறது. அதனால்தான் ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒட்டுக் கொடிகளே நிற்க, பரோசாவில் 1840களில் நட்ட ஷிராஸ் தன் சொந்த வேரில் இன்னும் காய்க்கிறது. தனுண்டாவுக்கு அருகே லாங்மெய்ல் நிறுவனத்தின் 1843 ஆம் ஆண்டுத் தோட்டம் உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஷிராஸ் தோட்டங்களுள் ஒன்று.

அந்தக் கொடிகளை நட்டவர்கள் யார் என்பது எம்மைப் போன்றவர்களைச் சற்று நிறுத்தும். பிரசிய மன்னன் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் தன் நாட்டுப் புரட்டஸ்தாந்து சபைகளை ஒரே வழிபாட்டு முறைக்குள் கட்டாயப்படுத்தியபோது, அதை ஏற்காத பழைய லூதரன் மக்கள் சிலேசியாவிலிருந்தும் அயல் மாகாணங்களிலிருந்தும் வெளியேறினர். போதகர் கவெல் தலைமையில் முதற் கூட்டம் 1838 இல் தென் அவுஸ்திரேலியாவில் கரையிறங்கியது. கப்பற் செலவுக்குக் கடன் கொடுத்தவர் ஜோர்ஜ் பைஃப் அங்கஸ் என்ற ஆங்கிலேய வணிகர். கடன்பட்டு வந்த அகதிகள் 1842 இல் பரோசாவின் பெத்தனி கிராமத்தை அமைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கற்கோவில்கள் அவர்களுடையவை. அந்த நிலம் அவர்கள் வருமுன் வெறுமையாக இருக்கவில்லை. பெரமங்க், கௌர்ணா, ஙஜூரி ஆகிய பூர்வகுடிகளின் நிலம் அது. இடம்பெயர்ந்தவர்கள் குடியேறிய இடம் இன்னொருவர் இழந்த இடமாக இருந்ததை நாம் கவனிக்காமல் விட முடியாது.

வேர் கல்லைக் குடிப்பதில்லை

விற்பனைக்காரர்கள் "இந்த வைனில் இரும்புக்கல்லின் சுவை தெரிகிறது" என்று சொல்வார்கள். அது அழகான பேச்சு. அறிவியல் அதை ஏற்பதில்லை. வேல்ஸ் நாட்டுப் புவிச்சரிதவியலாளர் அலெக்ஸ் மோல்ட்மன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாறைக்குப் பெரும்பாலும் சுவையும் இல்லை, மணமும் இல்லை. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த ஊட்டங்களை. அவை பழச்சாற்றில் மிகச் சிறிய அளவில்தான் இருக்கின்றன; பாறையின் சுவையாக நாவுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் மண் என்ன செய்கிறது? பெரும்பகுதி தண்ணீர் விவகாரம். பிரான்சின் பொர்தோவில் ஜெரார் செகன் என்ற ஆய்வாளர் சிறந்த தோட்டங்களின் மண்ணை ஆராய்ந்தபோது, அவை ஒரே வகை மண்ணில் இல்லை என்று கண்டார். சரளை, களி, சுண்ணக்கல் எல்லாமே இருந்தன. அவற்றுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அந்த மண் கொடிக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தது. வெள்ளமும் நிற்காது, வறண்டும் போகாது.

ஷிராஸுக்கு இது மிக முக்கியம். ஜனவரியில் காய் நிறம் மாறும் நேரத்தில் தண்ணீர் சற்றுக் குறைந்தால் கொடி புதுத் தளிர் விடுவதை நிறுத்திப் பழத்தைக் கவனிக்கும். பழம் சிறிதாக இருக்கும். சிறிய பழத்தில் சாற்றை விடத் தோலின் பங்கு அதிகம். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் உண்டு. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் பழம் ஊதும், இலை அடர்ந்து நிழல் விழும், நிறம் வெளிறும். முற்றாகக் காய்ந்தால் ஷிராஸ் பழம் சுருங்கிவிடும்; இந்த இனத்துக்கு அந்தக் குணம் மற்றவற்றை விட அதிகம்.

மணல் நிலம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. களி பிடித்து வைக்கும், ஆனால் இறுக்கமாக. மேலே இருவாட்டி, கீழே செங்களி என்ற அடுக்குள்ள பரோசா நிலம் மாரி மழையைக் கீழ் அடுக்கில் சேமித்து, ஆழ வேரோடிய பழைய கொடிக்குக் கோடையில் கொஞ்சங் கொஞ்சமாக விடும். வங்கியில் நிலையான வைப்பு வைத்து மாத வட்டியில் வாழ்வது போன்றது அது. இதற்கு மேல் நைதரசனின் அளவு இலைப் பெருக்கத்தையும், பொற்றாசியத்தின் அளவு சாற்றின் புளிப்பையும் மாற்றும். மண்ணின் நிறமும் கல்லும் எவ்வளவு சூட்டை வாங்குகின்றன என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மண் மாறும் இடத்தில் பெரும்பாலும் உயரமும் சரிவும் காற்றும் மாறும். மக்லாறன் வேலில் பிளூயிட் ஸ்பிரிங்ஸ் என்ற பகுதியின் வைன் மணமும் மென்மையும் கொண்டது என்பர். அதற்குக் காரணம் அங்குள்ள ஆழ்மணல் என்றும் சொல்வர். ஆனால் அந்தப் பகுதி கடலோரத்தை விட உயரமானது, குளிர்ந்தது. இதில் மணலின் பங்கு எவ்வளவு, குளிரின் பங்கு எவ்வளவு? இரண்டு செலவுகளை ஒரே தலைப்பில் பதிந்துவிட்டுப் பிறகு பிரிக்கச் சொன்னால் கணக்காளன் படும் பாடுதான்.

நான்கு நிலங்கள்

மண்ணின் வேற்றுமையைப் பார்ப்பதற்கு எமக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பரோசாவில் அல்ல, விக்ரோரியாவின் ஹீத்கோட்டில் இருக்கிறது. கேமல் மலைத்தொடரின் சரிவில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியன் காலத்துப் பச்சைக்கல் உடைந்து இரத்தச் சிவப்பான மண்ணாகக் கிடக்கிறது. 1975 இல் ரொன் லோட்டன் என்பவர் அங்கே ஜாஸ்பர் ஹில் தோட்டத்தைத் தொடங்கினார். அவருடைய இரு மகள்களின் பெயரில் இரண்டு தோட்டத் துண்டுகள்: ஜோர்ஜியாவின் நிலம், எமிலியின் நிலம். இரண்டும் அருகருகே உள்ளவை. இரண்டிலும் ஷிராஸ், இரண்டுக்கும் நீர்ப்பாசனம் இல்லை, ஒரே குடும்பம்தான் வைன் செய்கிறது. ஜோர்ஜியாவில் மண் ஆழமானது. எமிலியில் பாறை மேலேயே வந்துவிடும். எமிலி வைன் இறுக்கமாக, அடக்கமாக இருக்கும். ஜோர்ஜியா விரிந்து கொடுக்கும். எமிலியில் கபர்னே பிராங்க் என்ற இனம் சிறிதளவு சேர்வதால் ஒப்பீடு நூறு வீதம் சுத்தமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் செய்பவர், காலநிலை, முறை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து மண்ணின் ஆழத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு இதைவிடக் கிட்ட வரும் தோட்டங்கள் அரிது.

பரோசா என்ற பெயருக்குள் இரண்டு நிலங்கள் உண்டு. பள்ளத்தாக்கின் தளம் கடல் மட்டத்திலிருந்து 250, 300 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் கிழக்கே ஈடன் வேலி 400 மீற்றருக்கும் மேலே எழுகிறது. போத்தலில் "பரோசா வேலி" என்றிருந்தால் அது பள்ளத்தாக்கு. வெறும் "பரோசா" என்றிருந்தால் இரண்டும் கலந்திருக்கலாம். பள்ளத்தாக்குக்குள்ளேயே வடக்கே கிரீனொக், மொப்பா, எபனேசர் பக்கத்து ஷிராஸ் கறுத்து அடர்ந்தது. தெற்கே லின்டொக், வில்லியம்ஸ்ரவுன் பக்கம் மழை கூட, வைன் மெல்லியது. 2008 இல் தொடங்கிய "பரோசா கிரவுண்ட்ஸ்" திட்டம் இந்த வேற்றுமைகளை வடக்கு, நடு, தெற்கு என்று பிரித்து, ஆண்டுதோறும் இளம் வைன்களைச் சுவைத்துப் பதிவு செய்தது. ஈடன் வேலியில் ஹென்ஷ்கே குடும்பத்தின் "ஹில் ஒஃப் கிரேஸ்" இருக்கிறது. ஞாடன்பெர்க் என்ற லூதரன் கோவிலுக்கு எதிரே 1860 அளவில் நட்ட கொடிகள். கோவிலின் ஜேர்மன் பெயரைத்தான் ஆங்கிலமாக்கிப் போத்தலில் இட்டார்கள். 1958 முதல் அந்த ஒரு தோட்டத்துப் பழம் தனியே போத்தலாகிறது.

மக்லாறன் வேலில் விவசாயிகள் செய்தது இன்னும் முறையான வேலை. 2010 இல் அப்பகுதியின் புவிச்சரித வரைபடம் வெளிவந்தது. மணல், கடற்சுண்ணக்கல், இரும்புக்கல், வெடிக்கும் கரிசற்களி எல்லாம் அந்தச் சிறிய பரப்புக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அதையொட்டி "ஸ்கார்ஸ் ஏர்த்" என்ற முயற்சி எழுந்தது. ஒரே துண்டில் விளைந்த ஷிராஸை, ஓக் மணம் தலைதூக்காமல் செய்து, சுவைப்போர் குழு ஒன்றின் முன் வைக்க வேண்டும். மரமோ மிகைப் பழுப்போ நிலத்தை மறைத்துவிட்டால் அந்த வைன் கழிக்கப்படும்.

குனவாறாவைப் பற்றி எழுதும்போது ஊர் நினைவு வராமல் இராது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய செம்மண் படிந்த ஒடுங்கிய பட்டை அது. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணைக் காலால் மிதித்தவர்களுக்கு அந்த நிறம் புதிதல்ல. அங்கும் கீழே சுண்ணக்கல்தான். பந்தலிட்டு முந்திரிகை வளர்த்த தோட்டங்களும் அந்தச் செம்மண்ணில்தான் இருந்தன. குனவாறாவின் புகழ் கபர்னே சோவினியோன் இனத்தால் வந்தது என்றாலும் நல்ல ஷிராஸும் அங்கு உண்டு. அந்தப் பெயரைப் போட யாருக்கு உரிமை என்ற எல்லைச் சண்டை பல ஆண்டுகள் இழுபட்டு, 2001 இல் மேன்முறையீட்டு நியாயசபை, 2002 இல் கூட்டாட்சி நீதிமன்றம் என்று போய்த்தான் ஓய்ந்தது. வேலிக்கதியாலுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சமூகத்தில் வந்த எமக்கு இதில் வியப்பில்லை.

குளிர்ந்த இடங்களின் ஷிராஸ் வேறு பிறவி. கன்பெரா மாவட்டத்திலும் விக்ரோரியாவின் கிரம்பியன்ஸ் மலைப்பகுதியிலும் விளைவதில் மிளகு மணக்கும். சும்மா உவமைக்காகச் சொல்வதல்ல. 2008 இல் அடலெயிட்டில் உள்ள அவுஸ்திரேலிய வைன் ஆய்வு நிறுவனம் அந்த மணத்துக்குக் காரணமான ரொட்டன்டோன் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தது. எமது சமையலறைக் கறுப்பு மிளகில் மணப்பதும் அதே சேர்மம்தான். சிவப்பு வைனில் ஒரு லீற்றருக்கு 16 நனோகிராம் இருந்தாலே தெரிந்துவிடும். ஆனால் சோதனைக்கு வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது எவ்வளவு இருந்தும் மணக்கவில்லை. ஆகவே ஒரே மேசையில் இருந்து ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லை என்றும் வாதாடினால் இருவரும் உண்மை சொல்லக்கூடும். நிழலும் குளிரும் உள்ள சரிவுகளில் இது கூடுதலாக விளைகிறது. அந்த வகையில் இது மண்ணை விடக் காலநிலையின் கையெழுத்து.

கெடுக்காமல் விடுவது

தோட்டத்தில் உண்டான வேற்றுமை போத்தல் வரை போய்ச் சேர வேண்டும். வைன் செய்பவரின் கையில் அது மறைந்துபோக வழிகள் பல.

முதல் வழி, பழத்தைப் பிந்திப் பறிப்பது. 1990களில் அமெரிக்க விமர்சகர் ரொபர்ட் பார்க்கர் அடர்ந்து கறுத்த பரோசா ஷிராஸுக்கு உயர்ந்த புள்ளிகளை வழங்கினார். விலை ஏறியது. பலரும் பழத்தை இன்னும் இரண்டு கிழமை கொடியில் விட்டார்கள். சீனி ஏறி, மதுசாரம் 15 வீதத்தைத் தாண்டியது. பழம் வத்தலாகிப் பாகு போல ஆனபின் மணல் நிலத்துப் பழமும் களி நிலத்துப் பழமும் ஒன்றுதான். நிலத்தைக் காட்ட விரும்புவோர் இப்போது முந்திப் பறிக்கிறார்கள். அப்படிச் செய்தால் வெப்பப் பகுதிகளில் வழக்கமாகச் சேர்க்கும் தார்த்தாரிக் அமிலத்தின் தேவையும் குறையும்.

இரண்டாவது ஓக் மரப் பீப்பா. புதிய அமெரிக்க ஓக் பீப்பா வனிலாவும் தேங்காயும் போன்ற மணத்தைக் கொடுக்கும். மக்களுக்குப் பிடிக்கும், விற்கும். ஆனால் கறியில் தூள் அதிகமாகிவிட்டால் மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்று யாருக்குத் தெரியும்? அதனால் பழைய பீப்பா, 500 லீற்றர் பெரிய பீப்பா, சீமெந்துத் தொட்டி என்று போகிறார்கள். பெரிய பாத்திரத்தில் வைனின் அளவுக்கு மரத்தின் பரப்புக் குறைவு. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்திலேயே இதற்கு இரு முகங்கள் உண்டு. மக்ஸ் ஷூபர்ட் 1951 இல் தொடங்கிய "கிரேஞ்ச்" புதிய அமெரிக்க ஓக்கில், பல மாவட்டப் பழங்களைக் கலந்து செய்வது. அதே கூரையின் கீழ் ஜோன் டவொரன் உருவாக்கிய "சென் ஹென்றி" புது ஓக் இன்றிப் பழைய பெரிய பீப்பாக்களில் செய்வது. கிரேஞ்ச் ஒரு நிலத்தின் வைன் அல்ல. செய்பவரின் தெரிவுதான் அங்கே கையெழுத்து. அதை மட்டமாகச் சொல்ல முடியாது. நல்ல வைனுக்கு ஒரே நிலம்தான் வழி என்பவர்கள் கிரேஞ்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். (1957 இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்ன பின்னும் ஷூபர்ட் மூன்று அறுவடைக்கு அதை மறைவாகச் செய்தார். மேலிடத்துக்குத் தெரியாத இருப்பு! கணக்காய்வாளர் யாரும் அந்தப் பீப்பாக்களைத் தடவவில்லை போலும்.)

நொதித்தலிலும் முடிவுகள் உண்டு. பைக்கற்றில் வரும் மதுவம் பாதுகாப்பானது. தோட்டத்திலும் தொழிற்கூடத்திலும் தாமாக இருக்கும் மதுவங்களை நம்புவது ஆபத்தானது, ஆனால் சிலர் அதையே விரும்புகிறார்கள். காம்போடு முழுக்குலையாகப் போட்டால் மணம் மாறும், துவர்ப்பும் மாறும். மிதந்து வரும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று தடவை அமிழ்த்த வேண்டும்; முரட்டுத்தனமாகச் செய்தால் துவர்ப்பு ஏறும். எந்த முறை என்பதை விட எல்லாத் துண்டுக்கும் ஒரே முறை என்பதே முக்கியம் என்று எமக்குத் தெரிந்த ஒரு வைன் செய்பவர் சொல்வார். முறையை மாற்றிவிட்டு வேற்றுமைக்கு மண்ணைக் காரணம் காட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் அடிப்படை, துண்டு துண்டாகப் பிரித்து வைப்பது. சொல்ல எளிது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் கணக்குப் பார்த்த ஒரு குடும்பத்தின் பழம், வெப்ப அலை காரணமாக எல்லாத் துண்டிலும் ஒரே கிழமையில் பழுத்தது. கூலிக்கு வைன் செய்து கொடுத்த இடத்தில் தொட்டி போதவில்லை. மலைச் சரிவின் பழைய கொடிப் பழமும் பள்ளத்துப் புதுக்கொடிப் பழமும் ஒரே தொட்டிக்குள் போயின. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் பதிவேட்டில் ஒரே தொகுதியாக விழுந்துவிட்டது. அந்த ஆண்டு அவர்கள் சரிவின் பெயரைப் போடவில்லை. பொதுப் பெயரில் அரை விலைக்கு விற்றார்கள். தந்தையார் அந்தத் தொட்டி இலக்கத்தை நீண்ட நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேரேட்டில் மண்

அவுஸ்திரேலியச் சட்டப்படி போத்தலில் பிரதேசத்தின் பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 85 வீதம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். இனத்தின் பெயருக்கும் 85, ஆண்டுக்கும் 85. மூன்று விதிகளும் தனித்தனியானவை. கணக்கில் நம்பிக்கையுள்ளவர்கள் கூட்டிப் பாருங்கள்: மூன்றிலும் விட்ட 15 வீதங்கள் வெவ்வேறாக அமைந்தால், அந்தப் பிரதேசம், அந்த இனம், அந்த ஆண்டு ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துவது ஏட்டளவில் 55 வீதம் மட்டுமாக இருக்கலாம். நடைமுறையில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. நல்ல செய்கையாளர் நூறுக்கு நூறு வைத்திருப்பார். ஆனால் விதி எவ்வளவு இடம் விடுகிறது என்பதை வாங்குபவர் தெரிந்திருக்கலாம்.

இந்த விதியைக் காப்பது காகிதம். பழத்தை விளைத்தவர் முதல் மொத்த விற்பனையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவு வைக்க வேண்டும். வைன் அவுஸ்திரேலியா என்ற அரச அமைப்பு எந்தப் போத்தலிலிருந்தும் பின்னோக்கி நடந்து நிறுவைச் சீட்டு வரை கணக்காய்வு செய்யலாம். நாம் வந்த புதிதில் எழுதிய அந்தச் சீட்டின் பெறுமதி அப்போதுதான் எமக்குப் புரிந்தது.

கிரயத்தைப் பார்ப்போம். ஒரு ஹெக்டயர் பழைய கொடித் துண்டு 4 தொன் பழம் கொடுக்கிறது என்று வைப்போம். தொன்னுக்கு ஏறத்தாழ 700 லீற்றர் வைன். ஆக 2,800 லீற்றர். அது 300 லீற்றர்ப் பீப்பா ஒன்பதை நிரப்பி 100 லீற்றர் மிஞ்சும். பீப்பாவில் இருந்து வைன் ஆவியாகக் குறையும், மாதந்தோறும் நிரப்ப வேண்டும். தனித்துண்டு வைனுக்கு அதே துண்டின் வைனால்தான் நிரப்ப வேண்டும். அந்த 100 லீற்றர் அதற்கே போதாது. முடிவில் மூவாயிரத்து ஐந்நூறு போத்தல் தேறலாம். அதற்காக ஒரு தனித்தொட்டி, தனிப் பீப்பாக்கள், தனிச் சுவடி, இரண்டு ஆண்டு முடங்கிய முதல். முறே நதி நீரில் வளரும் உள்நாட்டுத் தோட்டங்கள் ஹெக்டயருக்கு 20 தொன்னுக்கு மேல் கொடுக்கின்றன; அங்கே எல்லாம் ஒரே பெருந்தொட்டிக்குள் போகும்.

கணக்கீட்டு நியமமும் ஒரு வேடிக்கை செய்கிறது. கொடி என்பது 2016 முதல் பொறி, கட்டடம் போன்ற நிலையான சொத்து. பெறுமானத்தேய்வு கழிக்க வேண்டும். பறித்த பழத்தையோ அறுவடை நேரத்து நியாயப் பெறுமதியில் பதிய வேண்டும். நூற்றாண்டுக் கொடிக்கு ஆண்டு கூடக் கூட மதிப்புக் கூடுகிறது. ஏட்டிலோ அது தேய்ந்து பூச்சியமாகிறது. பரோசாவில் 2009 இல் இதற்கு ஒரு பதில் ஏடு எழுதினார்கள் எனலாம். 35 வயது தாண்டியது "பழையது", 70 தாண்டியது "தப்பிப் பிழைத்தது", 100 தாண்டியது "நூற்றாண்டு", 125 தாண்டியது "மூதாதை" என்று கொடிகளை வகைப்படுத்தும் சாசனம் அது.

"தப்பிப் பிழைத்தது" என்பது சும்மா வைத்த பெயரல்ல. 1980களின் நடுப்பகுதியில் சிவப்பு வைன் விலைபோகாமல் தேங்கியபோது, கொடிகளைப் பிடுங்குவோருக்கு அரசு பணம் கொடுத்தது. நூறாண்டு ஷிராஸ் கொடிகள் உழவு இயந்திரத்தால் இழுத்து எரிக்கப்பட்டன. பீற்றர் லேமன் போன்ற சிலர், விலை போகாது என்று தெரிந்தும் அயலவர்களின் பழத்தை வாங்கி, பழைய கொடிகள் ஒரு பகுதியையாவது நிற்க வைத்தார்கள்.

இப்போது மீண்டும் தேக்கம். 2020 இறுதியில் சீனா அவுஸ்திரேலிய வைன் மீது வரி போட்டது. 2021 இல் அது 116 முதல் 218 வீதம் வரை என்று உறுதியானது. 2024 மார்ச்சில் நீக்கினார்கள், ஆனால் இடையில் தொட்டிகள் நிரம்பிவிட்டன. நதியோரத் தோட்டக்காரர் பலர் பறிப்புக் கூலிக்கும் போதாத விலையை ஏற்றோ, பழத்தைக் கொடியிலேயே விட்டோ இருக்கிறார்கள். அவர்களுள் கிரேக்க, இத்தாலிய, பஞ்சாபிக் குடியேறிகள் ஏராளம். பெயரில்லாத பழத்துக்கு விலை வைப்பவர் வாங்குபவர்தான். தன் நிலத்தின் பெயரைப் போத்தலில் ஏற்ற முடிந்தவருக்கு மட்டும் பேரம் பேச ஒரு பிடி இருக்கிறது. எல்லோருக்கும் அது கைகூடாது; ஆற்று மணலில் இயந்திரப் பறிப்புக்கு நட்ட தோட்டம் ஒரு கதையை இட்டுக்கட்ட முடியாது. வைன் வரியும் மதுசார அளவுக்கல்ல, விலைக்கே 29 வீதம் விழுகிறது. ஆகவே விலை உயர்ந்த தனித்துண்டுப் போத்தல் கூட வரி கட்டுகிறது, மலிந்த பெட்டி வைன் குறையக் கட்டுகிறது. சிறு செய்கையாளருக்கான கழிவு இல்லாவிட்டால் எமக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் எப்போதோ காணியை விற்றிருக்கும்.

விருந்தாளிக்காக வாங்குவோரும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோரும் ஒரே செய்கையாளரின், ஒரே ஆண்டின், இரண்டு வேறு துண்டுகளின் ஷிராஸை எடுக்க வேண்டும். பின்பக்கத் தாளில் மண், உயரம், கொடி நட்ட ஆண்டு, புதிய ஓக்கின் வீதம் ஆகியவை எழுதியிருந்தால் அது நல்ல அறிகுறி. கோடை நாளில் அறைச் சூட்டில் ஊற்ற வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து எடுத்தால் 16 பாகைக்குக் கிட்ட வரும், மதுசாரம் மூக்கில் அடிக்காது. ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு எமிலியை விட ஜோர்ஜியா பொருந்தும் என்பது எமது வீட்டு அபிப்பிராயம். மனைவிக்கு மிளகு மணப்பதில்லை. அந்த ஐந்தில் ஒருவர் அவர்.